“யார் வீட்டுப் பிள்ளைம்மா நீ?” பள்ளி பார்க்கப் போன இடத்தில் இப்படிக் கேட்டது தப்பா?

பட்டறைக்காரன் (சுங்கை சிப்புட், மலேசியா) கேட்டது:

வணக்கம். நான் இங்கே எழுதுகிற ஆள் இல்லை. ராத்திரி பட்டறையை மூடிவிட்டு வந்து, மற்றவர்கள் எழுதியதைப் படித்துவிட்டுத் தூங்கப் போகிறவன். போன சனிக்கிழமை நடந்த ஒரு விஷயம் மட்டும் மனசை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. மனைவியிடம் சொன்னால், “வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா வந்திருக்கலாம்ல” என்கிறாள். அம்மாவிடம் சொன்னால், “பிள்ளைகிட்ட அப்பன் பேரு கேக்கிறது ஒரு குத்தமா?” என்கிறார். வீட்டுக்குள்ளேயே ரெண்டு கட்சி ஆகிவிட்டது.

என் மகனுக்கு ஆறு வயது. அடுத்தது முதலாம் ஆண்டு. எங்களுக்குத் தோதாக இரண்டு தமிழ்ப்பள்ளி. ஒன்று நான் படித்த தோட்டப் பள்ளி. ரப்பர் போய் செம்பனை வந்தது, தொழிலாளர் குடியிருந்த லயம் காலியானது, வேலைக்கு வெளிநாட்டுக்காரர்கள் வந்தார்கள், பள்ளி மட்டும் நடுவில் அப்படியே நிற்கிறது. 150 பிள்ளைகளுக்குக் கீழே போனால் ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று அரசாங்கத்தில் ஒரு கணக்கு இருக்கிறதே, அந்தக் கணக்கிலும் இது அடிமட்டம். முப்பத்துச் சொச்சம் பேர்தான். இன்னொன்று டவுனில் இருக்கிற பெரிய பள்ளி. பெயர் வேண்டாம், தெரிந்தவர்கள் தெரிந்துகொள்வீர்கள். அங்கேதான் சனிக்கிழமை, புதிதாகப் பிள்ளை சேர்க்கப் போகிறவர்கள் வந்து சுற்றிப் பார்க்கலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள்.

மூன்று மூன்று குடும்பமாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பெங்காவாஸ் (மாணவர் தலைவர்) பிள்ளையை வழிகாட்டியாகக் கொடுத்தார்கள். எங்களுக்கு வந்தது ஐந்தாம் ஆண்டுப் பிள்ளை. பதினோரு வயது இருக்கும். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை, காலணியில் வெள்ளைப் பூச்சு இன்னும் காயாமல் காலுறை ஓரத்தில் ஒட்டியிருந்தது. மனப்பாடம் செய்து வைத்திருந்தாள். “வணக்கம். இது எங்கள் பள்ளியின் நூல்நிலையம். இங்கே நாங்கள் வாரம் ஒரு முறை வாசிக்க வருவோம்.” ஒவ்வொரு அறை வந்ததும் கதவு நிலையை ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பாள். மாடிப்படி ஏறும்போது என் மகன் பக்கம் திரும்பி, “தம்பி, நாலாவது படி உடைஞ்சிருக்கு, பார்த்து வா” என்றாள். அது மனப்பாடத்தில் இல்லாதது. அங்கேயே எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துவிட்டது.

பிடித்ததால்தான் கேட்டேன், அதுதான் கதை. “எந்தத் தோட்டம்மா நீ?” என்றேன். “டவுன்தான் மாமா.” “டவுனுக்கு முந்தி எங்க இருந்தீங்க? யார் வீட்டுப் பிள்ளை? அப்பா பேரு சொல்லு, எனக்குத் தெரிஞ்சிருக்கும்.” சிரித்தாள், பதில் சொல்லவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன். நான் சின்ன வயதில் இதே கேள்விக்கு இதே மாதிரி சிரித்தவன்தானே.

அலுவலகத்துக்கு வெளியே அறிவிப்புப் பலகையில் பெங்காவாஸ் பட்டியல் ஒட்டியிருந்தது. “இதுல என் பேரு இருக்கு மாமா” என்று விரலை வைத்துக் காட்டினாள். பார்த்தேன். மற்ற எல்லாருக்கும் ஏ/எல் (இன்னார் மகன்), ஏ/பி (இன்னார் மகள்) என்று போட்டு அப்பா பெயர் நீளமாக இருந்தது. இவளுக்கு ஒரே பெயர், அவ்வளவுதான். யோசிக்காமல் வாய் கேட்டுவிட்டது: “ஏம்மா, உன் பேருல மட்டும் ஏ/பி இல்ல?”

“இடம் பத்தலயாம் மாமா.”

அந்தத் தாளில் அவள் பெயருக்கு அப்புறம் முக்கால் வரி வெள்ளையாகக் கிடந்தது. எங்கள் கூட்டத்தில் வந்த ஓர் அம்மா சத்தமாகச் சிரித்துவிட்டார். அப்போதாவது நான் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தாமல், பேச்சை மாற்றுகிறேன் பேர்வழி என்று, “சரி, சாயங்காலம் யாருகூட வீட்டுக்குப் போவ? வீட்டுல யாரு இருப்பாங்க?” என்று கேட்டேன். எனக்கு வேண்டியது வேன் விவரம். என் மனைவி கையுறைத் தொழிற்சாலையில் ஷிஃப்ட், நான் பட்டறையில், பிள்ளையை யார் கூட்டி வருவது என்பதுதான் என் கவலை. ஆனால் கேள்வி வேன் மாதிரி வெளியே வரவில்லை.

அவள் திரும்பி நடந்தாள். ஒரு கதவு முன்னால் நின்று, நிலையைத் தொட்டு, “இது எங்கள் பள்ளியின் கணினி அறை” என்றாள். அது துடைப்பமும் வாளியும் வைக்கிற அறை. கதவு பாதி திறந்தே இருந்தது.

கடைசியில் சிற்றுண்டிச்சாலையில் மீஹூனும் தேநீரும் கொடுத்தார்கள். ஒரு டீச்சர், சின்ன வயசுதான், என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெல்லச் சொன்னார்: “ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. பள்ளியைப் பத்திப் பிள்ளைங்ககிட்ட என்ன வேணும்னாலும் கேளுங்க. அவங்க வீட்டைப் பத்தி வேண்டாமே.” அவர் மரியாதைக் குறைவாக ஒன்றும் பேசவில்லை. ஆனாலும் எனக்குக் காது சுட்டுவிட்டது. தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்தேன்.

என் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நான் லயத்தில் பிறந்தவன். அங்கே ஒரு பிள்ளை குறுக்கே நடந்தால் முதல் கேள்வி “யார் வீட்டுப் பிள்ளை?” பழைய கங்காணி பேரனா, மூணாவது லயத்து டிரைவர் மகனா என்று கண்டுபிடித்துவிட்டால் உடனே ஒரு முறுக்கு கையில் வரும். இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் நாங்கள் வளர்ந்தோம். அப்புறம், பள்ளி நல்லதா கெட்டதா என்று நான் யாரிடம்தான் கேட்பது? தலைமையாசிரியர் நல்லது என்றுதான் சொல்வார். அடிக்கிறார்களா, கழிப்பறை சுத்தமா, பெரிய பிள்ளைகள் சின்னப் பிள்ளைகளை மிரட்டுகிறார்களா, இதெல்லாம் அங்கே படிக்கிற பிள்ளைக்குத்தானே தெரியும்?

எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பென்ஷன் வாத்தியார் (கோலகங்சார்) எழுதியது:

தம்பி, 32 ஆண்டு தமிழ்ப்பள்ளியில் இருந்தவன். பாதி தோட்டத்தில், பாதி டவுனில். அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

லயத்தில் “யார் வீட்டுப் பிள்ளை” என்று கேட்ட கிழவிக்குப் பாதி விடை முன்னமே தெரியும். மூக்கைப் பார்த்தே சொல்லிவிடுவாள். பள்ளியும் அப்படித்தான் இருந்தது. பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டமே பள்ளி வைக்க வேண்டும் என்று 1923 தொழிலாளர் சட்டத்தில் சொன்னார்கள். தோட்டம் வைத்த பள்ளியில் வாத்தியார் பல இடங்களில் தோட்டத்து ஆளாகவே இருந்தார். எந்த வீட்டில் யார் இல்லை, எவன் குடிக்கிறான் என்று அவருக்குத் தெரியாதது இல்லை. பிள்ளையைக் கேட்க வேண்டிய வேலையே வரவில்லை. நீங்கள் கேட்டது நிஜமாகவே தெரியாமல் கேட்ட கேள்வி. அதுவும் மூன்று குடும்பம் சுற்றி நிற்கும்போது.

இன்னொன்று. லயத்தில் பதில் சொல்லப் பிடிக்காத பிள்ளை ஓடிவிடும். நானே எத்தனையோ தடவை ஓடியிருக்கிறேன். பெங்காவாஸ் பட்டை குத்திக்கொண்டு, “வந்தவர்களுக்கு மரியாதையாகப் பதில் சொல்லணும்” என்று டீச்சர் சொல்லி அனுப்பிய பிள்ளை எங்கே ஓடும்? துடைப்ப அறைக்கு முன்னால் போய் நின்று கணினி அறை என்றுதான் சொல்லும்.

உங்களைச் சொல்லிவிட்டு நான் யோக்கியன் மாதிரி உட்கார முடியாது. தொண்ணூறுகளில் முதலாம் ஆண்டு முதல் நாளில் பிள்ளைகளை ஒவ்வொருவராக எழுப்பி, அப்பா பெயர், அப்பா வேலை சொல்லச் சொல்வேன். பிள்ளைகளுக்குக் கூச்சம் போகும் என்பது என் எண்ணம். ஒரு பையன் எழுந்து “போலீஸ்” என்றான். வகுப்பே சிரித்தது. அவன் அப்பாவைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது என்னைத் தவிர அந்த வகுப்பில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. அடுத்த ஆண்டிலிருந்து “உனக்கு என்ன விளையாட்டுப் பிடிக்கும்” என்று மாற்றிக்கொண்டேன். அந்தப் பையனுக்கு அது பிரயோஜனம் இல்லை.

இப்போது உங்கள் கவலைக்கு வருகிறேன், அது நியாயமானது. அடிக்கிறார்களா என்று பிள்ளையிடம் கேட்காதீர்கள். பக்கத்தில் டீச்சர் நின்றால் இல்லை என்றுதான் சொல்லும். “வீட்டுப்பாடம் செய்யாம வந்தா என்ன நடக்கும்?” என்று பொதுவாகக் கேளுங்கள். முகமே சொல்லிவிடும். தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள்: “பிரம்பு யார் கையில் இருக்கிறது?” பெண் பிள்ளைகளைப் பிரம்பால் அடிக்க விதி இடம் தருவதில்லை. ஆண் பிள்ளைகளையும் தலைமையாசிரியரோ அவர் அதிகாரம் கொடுத்தவரோதான் அடிக்கலாம், கண்ட டீச்சரும் இல்லை. இந்த விதி அவருக்கு எவ்வளவு தெரிகிறது என்பதிலேயே பள்ளி எப்படி என்று தெரிந்துவிடும். மிரட்டலைப் பற்றி அறிய வேண்டுமானால், “ஓய்வு நேரத்துல முதலாம் ஆண்டுப் பிள்ளைங்க எங்க சாப்பிடுவாங்க? வரிசையில யாரு முதல்ல?” என்று கேளுங்கள். பெரிய பிள்ளைகள் முந்திக்கொள்கிறார்கள் என்றால் அவர்களே புகாராகச் சொல்வார்கள்.

மதிப்பெண் கேட்பவர்களையும் இந்தச் சாக்கில் சொல்லிவிடுகிறேன். ஆறாம் ஆண்டு அரசாங்கச் சோதனையான யூபிஎஸ்ஆர் 2021-லேயே ஒழிந்தது. இன்னும் வருகிறவர்கள் வழிகாட்டும் பிள்ளையைப் பார்த்து “நீ எத்தனை ஏ எடுப்ப?” என்கிறார்கள். இல்லாத சோதனைக்கு அந்தப் பிள்ளை என்ன சொல்லும்?


முன்னாள் பெங்காவாஸ் எழுதியது:

மாமா, நீங்க எழுதினதைப் படிச்சதும் எனக்குக் கை கொஞ்சம் நடுங்கிடுச்சு. நான் அந்தப் பிள்ளை இல்லை, எனக்கு இப்போ 22. ஆனா ஆறாம் ஆண்டிலும், அப்புறம் இடைநிலைப்பள்ளியிலும் இதே வேலை பார்த்திருக்கேன்.

வெளியே நிற்கிறவங்களுக்குத் தெரியாத ஒன்று: இந்த மாதிரி நாளுக்கு முந்தின ராத்திரி நாங்க மனப்பாடம் பண்றது நூல்நிலையத்தைப் பற்றி மட்டும் இல்லை. வீட்டுக் கேள்வி வந்தா என்ன சொல்லணும்னும் ஒத்திகை பார்ப்போம். என்னோடது “அப்பா வெளியூர்ல வேலை.” எந்த ஊர்னு கேட்டா ஜொகூர். ஜொகூர்ல எங்கேன்னு யாரும் கேட்க மாட்டாங்கன்னு ஒரு நம்பிக்கை. ஒருத்தர் கேட்டார். பாசிர் கூடாங்னு சொல்லிட்டேன். அவர் அங்கேதான் பத்து வருஷம் வேலை செஞ்சாராம்! எந்தக் கம்பெனின்னு ஆரம்பிச்சுட்டார். அதோட என் தம்பியைத் தேடிப் போறேன்னு சொல்லிட்டு நழுவிட்டேன். எனக்குத் தம்பியே இல்லை.

ஓர் ஆன்ட்டி, நல்லவங்க மாதிரிதான் இருந்தாங்க, என் முடியெல்லாம் ஒதுக்கிவிட்டு, குரலைத் தணிச்சு, “நீங்க எந்த ஆளுங்கம்மா?”ன்னு கேட்டாங்க. எனக்கு அப்போ அர்த்தமே புரியலை. “சுங்கை சிப்புட் ஆளுங்க”ன்னு சொன்னேன். அவங்க முகம் போன போக்கை வீட்டுக்கு வந்து அம்மாகிட்ட சொன்னப்போதான் அம்மா விளக்கினாங்க. பதினோரு வயசுல நான் அதைக் கத்துக்கிட்டது பள்ளி பார்க்க வந்தவங்ககிட்டதான்.

இன்னொருத்தர் சிற்றுண்டிச்சாலையில் ஆர்எம்டி (ஏழைப் பிள்ளைங்களுக்கு அரசாங்கம் தர்ற இலவசச் சாப்பாடு) மேசையைப் பார்த்து, “இதெல்லாம் யாரு? கஷ்டப்பட்ட பிள்ளைங்களா?”ன்னு கேட்டார். அந்த மேசையில என் தட்டும் இருந்துச்சு.

என் டீச்சர் ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்தாங்க: “அதை டீச்சர்கிட்ட கேளுங்க, நான் கூட்டிட்டுப் போறேன்.” மழைக்குக் குடை மாதிரி அது. எல்லாப் பள்ளியும் இதைப் பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுத்து அனுப்பணும்.

ஆனா எல்லாக் கேள்வியும் தொல்லைன்னு நினைச்சுக்காதீங்க. ஒரு மாமா என்கிட்ட, “இந்தப் பள்ளியில உனக்குப் பிடிக்காத இடம் எது?”ன்னு கேட்டார். கழிப்பறையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினேன். என்கிட்ட ஒருத்தர் கருத்துக் கேட்டதே அதுதான் முதல் தடவை. அதுக்கப்புறம் அவர் நேரா அலுவலகத்துக்குப் போய், “அந்தப் பிள்ளைதான் சொல்லுச்சு”ன்னு என்னைக் கை காட்டிட்டார். அடுத்த திங்கள்கிழமை கட்டொழுங்கு ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, வந்தவங்ககிட்ட பள்ளி மானத்தை வாங்கிட்டியான்னு கேட்டார். அதனால், கேளுங்க, தெரிஞ்சுக்கோங்க, யார் சொன்னதுன்னு மட்டும் சொல்லாதீங்க.


மூணாவது லயம் எழுதியது:

எல்லாரும் அவரைப் போட்டுத் தாளிக்கிறீர்கள். நான் அவர் பக்கம்.

எங்கள் ஊர்ப்பக்கத்துத் தோட்டங்களில்தான் 1948 ஜூன் 16-இல் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைச் சுட்டார்கள், எமர்ஜென்சி (அவசரகாலம்) வந்தது, அடையாள அட்டையும் வந்தது. என் அம்மா அப்போது சின்னப் பிள்ளை. தோட்டத்து வாசலில் துப்பாக்கியோடு நின்றவன் “யார் நீ, எங்கே போறே” என்பானாம். அது விசாரணை. லயத்துக்குள் வந்தால் கிழவி “யார் வீட்டுப் பிள்ளை” என்பாள். அது பாசம். இரண்டையும் ஒரே தராசில் வைத்தால் எப்படி?

போன வருஷம் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு பையன் அழுதுகொண்டு நின்றான். நாலு வயது இருக்கும். சுற்றி நூறு தமிழர்கள். ஒருவருக்கும் அவன் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவில்லை. முக்கால் மணி நேரம். தோட்டமாக இருந்தால் இரண்டு நிமிஷத்தில் இடுப்பில் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் விட்டிருப்போம். இப்போது இருக்கிற தாமானில் (டவுன் குடியிருப்பில்) பக்கத்து வீட்டுக்காரன் பெயர் எனக்கே தெரியாது. கேட்கவே கூடாது என்று ஆக்கினால் இப்படித்தான் ஆகும்.


முன்னாள் பெங்காவாஸ்:

மாமா, அழுதுக்கிட்டு நிற்கிற பையனைக் கேளுங்க. வேலை பார்த்துக்கிட்டு நிற்கிற பிள்ளையைக் கேட்காதீங்க. துப்பாக்கி இல்லைதான், ஆனா பதில் சொல்லாம நகரவும் முடியாது.


மூணாவது லயம்:

சரி. அந்தச் சாதிக் கேள்வி கேட்ட அம்மாவுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. மற்றதில் என் கருத்து மாறவில்லை.


ஏழு பேரப்பிள்ளைகள் எழுதியது:

நான் அதிகம் படிக்கவில்லை, பேத்தி தட்டித் தருகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.

பட்டறைத் தம்பி, அந்த முக்கால் வரி வெள்ளையைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1982 மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து கோயிலில் தாலி கட்டினால் மட்டும் கல்யாணம் சட்டப்படி ஆகாது, பதிய வேண்டும். எங்கள் தோட்டத்தில் இது எத்தனை பேருக்குத் தெரிந்தது? மேளம் கொட்டினோம், சோறு போட்டோம், முடிந்தது என்று இருந்தோம். பதியாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளைக்கு, அப்பா கூட வந்து கையெழுத்துப் போடவில்லை என்றால், பிறப்புப் பத்திரத்தில் அப்பா பெயர் இருக்கிற இடத்தில் ‘தகவல் பெறப்படவில்லை’ என்று மலாயில் அடித்துக் கொடுத்துவிடுவார்கள். சட்டப்படி அந்தப் பிள்ளை அம்மா வழியில்தான் குடிமகன் ஆக முடியும். அம்மாவுக்கே குடியுரிமை இல்லை என்றால் அதிலும் சிக்கல்தான். என் மூத்த பேத்திக்கு இந்த வரிதான். அவள் அப்பா உயிரோடு இருக்கிறார், ஞாயிற்றுக்கிழமை கோழி வாங்கி வந்து கொடுக்கிறார், தாளில் மட்டும் இல்லை. இதை ஒரு பிள்ளை அறிவிப்புப் பலகை முன்னால் நின்று எப்படிச் சொல்லும்? இடம் பத்தவில்லை என்றுதான் சொல்லும். கெட்டிக்காரப் பிள்ளை.

அவளை முதலாம் ஆண்டில் சேர்க்கப் போனபோது பள்ளி அலுவலகத்திலும் எல்லாம் கேட்டார்கள். அப்பா எங்கே, பத்திரம் எங்கே, பதிவிலாகாவுக்குப் போனீர்களா என்று. ஆனால் அந்தக் கிராணி அம்மா கதவைச் சாத்திவிட்டு, பேத்தியை வெளியே மீன் தொட்டியைப் பார்க்க அனுப்பிவிட்டு, என்னிடம் கேட்டார். எனக்கு வருத்தமே இல்லை. கேட்கிற வேலை அவருடையது, சொல்கிற வேலை என்னுடையது. பிள்ளைக்கு அதில் வேலை இல்லை.

அப்புறம் “சாயங்காலம் வீட்டில் யார் இருப்பாங்க” என்ற கேள்வி. நீங்கள் வேனை நினைத்துக் கேட்டீர்கள், நம்புகிறேன். ஆனால் முன்பின் தெரியாத ஆம்பளை ஒருத்தர் என் பேத்தியிடம் இதைக் கேட்டார் என்று அவள் வந்து சொன்னால், நான் அன்றைக்கே பள்ளிக்குப் போய் நிற்பேன். பிள்ளைகளிடம் பழகி வளைக்கிறதே குற்றம் என்று 2017-இல் சட்டம் வந்தபிறகு, யாராவது இப்படிக் கேட்டால் டீச்சரிடம் சொல் என்றுதான் பள்ளிகளில் சொல்லித் தருகிறார்கள். அந்தப் பிள்ளையும் ஒருவேளை அப்படித்தான் டீச்சரிடம் போய்ச் சொல்லியிருக்கும். அது உங்கள் மேல் உள்ள கோபம் இல்லை, சொல்லிக் கொடுத்ததைச் செய்திருக்கிறது. வேன் வேண்டுமென்றால் அலுவலகத்தில் வேன்காரர் நம்பர் கேளுங்கள். பள்ளி வாசலில் பன்னிரண்டரை மணிக்குப் போய் நின்றாலும் போதும், எல்லா வேனும் வரிசையாக நிற்கும்.

ஒன்று மட்டும். நீங்கள் கேட்காமலே ஒரு பிள்ளை வீட்டில் அடி, பசி என்று ஏதாவது சொல்லிவிட்டால், அதைக் கேட்காத மாதிரி வராதீர்கள். அங்கேயே துருவவும் வேண்டாம். டீச்சரிடம் சொல்லுங்கள், இல்லாவிட்டால் 15999 என்ற உதவி எண்ணுக்குப் போன் அடியுங்கள்.


பட்டறைக்காரன்:

எல்லாரும் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். பாட்டி, அந்த 1982 விஷயம் எனக்குத் தெரியாது. என் கல்யாணத்தைப் பதிந்தது மனைவியின் அண்ணன் விரட்டியதால்தான், இல்லாவிட்டால் நானும் விட்டிருப்பேன்.

சாயங்காலம் யார் இருப்பார்கள் என்ற கேள்வியை இன்னொரு ஆள் வாயில் வைத்துப் பார்த்தேன். வேர்த்துவிட்டது.

அந்தப் பிள்ளையைப் பார்த்து மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசிக்கிறேன். வாத்தியார் ஐயா என்ன சொல்கிறீர்கள்?


பென்ஷன் வாத்தியார்:

வேண்டாம் தம்பி. மறுபடியும் ஒரு பெரிய மனுஷன் தேடி வந்து அவளை நிறுத்தி, அவள் மறக்க நினைக்கிறதை ஞாபகப்படுத்தி, “பரவாயில்லை மாமா” என்று சொல்ல வைப்பான். அது உங்களுக்கு நிம்மதி, அவளுக்கு இன்னொரு வேலை. டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், போதும்.


பட்டறைக்காரன்:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், யாராவது இன்னும் படிக்கிறீர்களா தெரியவில்லை.

பதிவு ஆன்லைனில் முடித்துவிட்டு, தாளையும் பத்திரங்களையும் கொடுக்க டவுன் பள்ளிக்குப் போனேன். ஆமாம், அங்கேயே போட்டுவிட்டோம். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தோட்டப் பள்ளிக்கு ஒரு பிள்ளை குறைந்ததே என்று. அவர் சொல்வதும் சரிதான். அதைத் தனியாக ஒரு கேள்வியாகத்தான் கேட்க வேண்டும்.

அந்த டீச்சரைப் பார்த்து, “அன்னைக்கு நான் கேட்டது சரியில்ல டீச்சர்” என்றேன். அவர் “பரவாயில்லங்க ஐயா, அன்னைக்கு மட்டும் நாலு பேருகிட்ட சொல்ல வேண்டியதாப் போச்சு” என்றார். நாலு பேரில் நான் ஒருத்தன் என்பது ஆறுதலா என்று தெரியவில்லை.

இன்னொன்று, முதலிலேயே எழுதியிருக்க வேண்டியது. நான் அன்றைக்குக் கோபத்தில் எழுந்து வந்தபோது, என் மனைவி அந்தப் பிள்ளையிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டிருக்கிறாள். கூட்டிக்கொண்டு போய், “ஆன்ட்டி, எந்தக் கதவுக்கும் தாழ்ப்பாள் இல்ல. நீங்க போங்க, நான் வெளிய நிக்கிறேன்” என்று காவல் நின்றிருக்கிறாள். அங்கே படிக்கிற பிள்ளைகள் ஜோடி ஜோடியாகத்தான் போவார்களாம், ஒருத்தி உள்ளே, ஒருத்தி கதவைப் பிடித்துக்கொண்டு. நான் அத்தனை கேள்வி கேட்டும் தெரிந்துகொள்ளாததை அவள் ஒரே கேள்வியில் தெரிந்துகொண்டு வந்துவிட்டாள், என்னிடம் சொன்னதே போன வாரம்தான்.

யார் சொன்னது என்று சொல்லாமல், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் இருக்கிற ஒருவரிடம் பேசினேன். சனிக்கிழமை காலை டிரில்லை எடுத்துக்கொண்டு போய்ப் பெண் பிள்ளைகள் பக்கம் மூன்று கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டுவிட்டேன். நாலாவது கதவு பலகை ஊறிப்போயிருக்கிறது, ஸ்க்ரூ பிடிக்கவில்லை. இரும்புப் பட்டை ஒன்று வளைத்து வைத்திருக்கிறேன், வரும் சனிக்கிழமை போக வேண்டும். மாடிப்படி நாலாவது படியையும் அளந்துகொண்டு வந்தேன்.